புரட்டாசி முழுக்க ராத்திரிச் சாப்பாடு: ஒரு ஸ்டாப்வாட்சும் இரண்டு பாட்டில் தொக்கும்

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வண்டியில் பத்து நிமிடம். அதனால் வருஷத்தில் பதினோரு மாதம் ராத்திரிச் சாப்பாடு எங்களுக்குப் பெரிய கவலையே இல்லை. மத்தியானம் வைத்த மீன் குழம்பு சாயங்காலத்துக்குள் இன்னும் ருசி ஏறியிருக்கும். சோறு மட்டும் வடித்தால் வேலை முடிந்தது. புரட்டாசி பிறந்தால்தான் வம்பு. முப்பது நாளும் வீட்டுக்குள் கவுச்சி வரக்கூடாது. காலையில் வைத்த சாம்பார் ராத்திரிக்கு யாருக்கும் இறங்காது. ராத்திரிக்கென்று தனியாக ஒன்று செய்தாக வேண்டும்.

போன புரட்டாசியில் அந்த 'ஒன்று' என் தலையில் விழுந்தது. மனைவி நர்ஸ். அந்த மாதம் பார்த்து அவருக்கு மத்தியான ஷிப்ட் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வர ராத்திரி 9.40 ஆகும். அம்மாவுக்கு முட்டிவலி, அடுப்படியில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் நான்காவது. நான் சூளை ஏரியாவில் ஆபீஸ் வேலை முடித்து வண்டியில் வீடு வந்து சேர 7.40. டீ வைப்பேன், முட்டை பொரிப்பேன், ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு வெங்காயம் வெட்டுவேன். என் சமையல் அனுபவம் அவ்வளவுதான்.

முதல் நாள் சோறு, கத்தரிக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல். 7.50-க்கு ஆரம்பித்தேன். தட்டு போட்டபோது 9.22. மகன் சோபாவிலேயே தூங்கிப் போயிருந்தான், எழுப்பி ஊட்டினோம். நான் பட்டறைக் கணக்கு பார்க்கிறவன். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று எழுதி வைப்பது பிழைப்பு. அதே புத்தியில் அன்றைக்குப் போன் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, பழைய டைரி ஒன்றில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தேன்.

அந்த 92 நிமிடம் போன வழி இது. சின்ன வெங்காயம் உரிக்க 14. பீன்ஸ் நறுக்க 11. கத்தரிக்காய் 3. தேங்காய் உடைத்துத் துருவ 8. புளி கரைக்க 4. குக்கர் கேஸ்கெட், பெருங்காய டப்பா, இன்னும் என்னென்னவோ தேட 5. ஆக, கைவேலை மட்டும் 45 நிமிடம். குக்கரில் பருப்பு விசில் வர 9, அப்புறம் சிம்மில் 10, சாம்பார் கொதிக்க 12, தாளிக்க 3. அடுப்பு உண்மையில் வேலை பார்த்தது 34 நிமிடம்தான். மிச்சம் 13 நிமிடம் குக்கர் ஆவி அடங்கட்டும் என்று அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கணக்கைப் பார்த்ததும் எனக்கு ஒன்று பிடிபட்டது. 'சீக்கிரம் வேகிற பண்டம்' எது என்று தேடிக்கொண்டிருந்தேன். வேகிற நேரத்தில் கோளாறே இல்லை. உரிக்கிற, நறுக்குகிற, தேடுகிற நேரத்தைத்தான் சாயங்காலத்திலிருந்து கழற்றி வேறெங்காவது மாட்ட வேண்டும்.

அதற்கு முன்னால் அடுப்பு. இரண்டு பர்னரில் சின்னதன் சுடர் மஞ்சளாக எரிந்தது. வைக்கிற பாத்திரமெல்லாம் அடியில் கரி. சந்தேகத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரை மூடி போட்டு இரண்டிலும் கொதிக்க வைத்துப் பார்த்தேன். பெரிய பர்னரில் 6 நிமிடம், சின்னதில் 11. சாம்பார் பொங்கிப் பொங்கி பர்னர் மூடியின் ஓட்டைகளில் பாதி அடைத்துக்கொண்டிருந்தது. ரெகுலேட்டரை மூடி, பர்னர் ஆறியதும் மூடியைக் கழற்றி, புளி கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டேன். பித்தளைக்குப் புளியை விடப் பெரிய சோப்பு கிடையாது, குத்துவிளக்கு தேய்க்கிற வீட்டில் சொல்லவே வேண்டாம். ஊக்கால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, ஈரம் போகக் காயவைத்து மாட்டினேன். சுடர் நீலமாக வந்தது, 11 நிமிடம் 7 ஆனது. மூடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே கேஸ் வருகிற ஜெட்டில் ஊக்கு, கம்பி எதையும் விடக்கூடாது. ஓட்டை பெரிதாகிவிட்டால் ஆபத்து, அது மெக்கானிக் வேலை.

இந்த ஒரு வேலையால் இரண்டு அடுப்பு உள்ள வீடு மறுபடியும் இரண்டு அடுப்பு உள்ள வீடானது. அதுவரை ஒன்றரை அடுப்பில்தான் குடும்பம் நடந்திருக்கிறது.

ஞாயிறு காலை. மற்ற மாதமாக இருந்தால் காசிமேட்டில் நிற்கிற நேரம். அன்றைக்கு மார்க்கெட்டில் ஒன்றரைக் கிலோ பெரிய வெங்காயம், ஒன்றரைக் கிலோ நாட்டுத் தக்காளி, கால் கிலோ பூண்டு, கால் கிலோ புளி வாங்கி வந்தேன். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, பூண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டுக் கொடுத்தேன். தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. டிவியில் ஒரு படம் பாதி ஓடுவதற்குள் உரித்துவிட்டார். "நிக்கச் சொன்னாத்தான்டா என்னால ஆவாது, உக்காந்து செய்யற வேலை எதுன்னாலும் குடு" என்றார். இத்தனை நாள் இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

தொக்கு இப்படி. அடி கனத்த சட்டியில் கடலை எண்ணெய் 150 மில்லி. வெங்காயம் கொஞ்சம் உப்போடு சிவக்க வதங்க வேண்டும், இதற்கே 20 நிமிடம் ஆகும், அவசரப்படுத்தினால் தொக்கில் பச்சை வாசம் நிற்கும். அப்புறம் இஞ்சி, பூண்டு விழுது. பிறகு தக்காளி, மஞ்சள் தூள், குழம்பு மிளகாய்த்தூள் மூன்று மேசைக்கரண்டி. தண்ணீர் ஒரு சொட்டும் விடாமல் எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கிளறினால் மொத்தம் 50 நிமிடம். மூன்று கிலோ சரக்கு வற்றி இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு வந்தது. நன்றாக ஆறிய பிறகு, ஈரமில்லாத பாட்டில், ஈரமில்லாத கரண்டி, ஃபிரிட்ஜ். ஒரு வாரம் தாங்குகிறது. தேங்காய் சேர்க்கவில்லை; சேர்த்தால் சீக்கிரம் கெடும்.

புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகப் பிழிந்து, உப்புப் போட்டு பத்து நிமிடம் கொதிக்கவிட்டு இன்னொரு பாட்டில். தேங்காய் இரண்டைத் துருவி, ஒரு நாளைக்கு ஒரு டப்பா என்று ஃப்ரீசரில். இதற்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "செத்த தேங்காய்" என்றார். புதன்கிழமை கோஸ் பொரியலில் போட்டது அதுதான் என்று சாப்பிட்ட பிறகுதான் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி என்னோடு பேசவில்லை.

இரண்டாவது வாரத்தில் பெரிய சறுக்கல். எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு சாம்பார் சாதம் செய்தால் பாத்திரமும் மிச்சம், நேரமும் மிச்சம் என்று அரிசி, துவரம் பருப்பு, காய், தொக்கு, புளி எல்லாம் ஒன்றாகப் போட்டு ஐந்து விசில் விட்டேன். திறந்து பார்த்தால் அரிசி குழைந்து கிடக்கிறது, பருப்பு முழுசு முழுசாக நிற்கிறது. "பருப்பாடா இது, கோலிகுண்டா?" என்று அம்மா ஒன்றை எடுத்துத் தரையில் உருட்டிக் காட்டினார். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். மறுபடி நான்கு விசில் விட்டும் பருப்பு மசியவில்லை. அன்றைக்குத் தயிர் சாதம்தான்.

பழி இரண்டு பேர் மேல் இருந்தது. ஒன்று புளி. இன்னொன்று தண்ணீர், அன்றைக்குக் குழாயில் வரவில்லை என்று போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றியிருந்தேன். கடலோரத்து ஏரியா, எங்கள் போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. யார் குற்றவாளி என்று தெரிந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அரை டம்ளர் துவரம் பருப்பாக மூன்று தடவை, ஒரே சின்னக் குக்கரில், விசில் வந்த பிறகு சிம்மில் 10 நிமிடம் வைத்துப் பார்த்தேன். குழாய்த் தண்ணீர், புளி இல்லாமல்: கரண்டி பட்டதும் மசிந்தது. போர் தண்ணீர், புளி இல்லாமல்: வெந்தது, ஆனால் மணல் மாதிரி நாக்கில் நறநறத்தது. குழாய்த் தண்ணீர், புளியோடு: தோற்றம்கூட மாறவில்லை. இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள், பெரிய திருடன் புளி.

காரணம் இருக்கிறது. பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் பருப்பு மசியும். புளிப்பு அதைக் கரையவிடாமல் தடுக்கும். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அதே பெக்டினை இன்னும் இறுக்கிக் கட்டிவிடும். உருளைக்கிழங்குக்கும் இதே கதைதான். புளிக்குழம்பில் பச்சையாகப் போட்ட கிழங்கு வேகாமல் அடம்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் பெரியவர்கள் காய் வெந்த பிறகு புளி விடு என்கிறார்கள். தண்ணீர் விஷயத்தில் வடசென்னைக்கு இப்போது முன்னைப்போல் கஷ்டம் இல்லை. 2010-இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் எடுக்கிற திறன். இருந்தாலும் குழாய் வராத நாளைக்கு என்று பருப்புக்கு மட்டும் ஒரு குடம் தனியாகப் பிடித்து வைக்கிறேன். வராவிட்டால் கேன் தண்ணீர். போர் தண்ணீர் பாத்திரம் கழுவத்தான்.

குக்கர் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. விசில் எண்ணுவதை விட்டுவிட்டேன். தீ எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதைப் பொறுத்து விசில் இஷ்டத்துக்கு வரும். உள்ளே அழுத்தம் ஏறியதும் தண்ணீர் 120 டிகிரி அளவுக்குச் சூடாகிவிடும்; அப்புறம் தீயை எவ்வளவு பெரிதாக வைத்தாலும் சூடு ஏறாது, ஆவிதான் வெளியே போகும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, நிமிடம் பார்ப்பதுதான் சரி. துவரம் பருப்பு அரை மணி ஊறியிருந்தால் 8 நிமிடம், பாசிப்பருப்புக்கு 4 நிமிடம் போதும். ஊறப்போடும் வேலை மகளுடையது. 7 மணிக்கு டியூஷனிலிருந்து வந்ததும் அரிசியையும் பருப்பையும் களைந்து தனித்தனியாக ஊற வைத்துவிடுவாள். அந்த 13 நிமிடக் காத்திருப்புக்கு, குக்கரைத் தொட்டியில் வைத்து மூடியின் ஓரத்தில் குழாயைத் திறந்துவிட்டால் ஒரு நிமிடத்தில் அடங்குகிறது. வெயிட்டின் மேல் தண்ணீர் படக்கூடாது. ஒருநாள் கரண்டியால் வெயிட்டைத் தூக்கிவிட்டு, பருப்பு நுரை சுவர் டைல்ஸ் வரை பீய்ச்சியது. மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது, மனைவி அதை விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார்.

தோசை சீக்கிரம் ஆகிற டிபன் என்பது எங்கள் வீட்டின் பெரிய மூடநம்பிக்கை. ஐந்து பேருக்கு 14 தோசை. ஒன்றுக்கு இரண்டரை நிமிடம். 35 நிமிடம் கல்லோடு கல்லாக நிற்க வேண்டும்; சுடுகிறவன் கடைசியில் தனியாகச் சாப்பிட வேண்டும். இட்லி 16, ஒரே ஈடு. தண்ணீர் கொதிக்க 5, வேக 10, ஆற 2. என் கை பட்டது 4 நிமிடம்தான், மிச்ச நேரம் அடுத்த அடுப்பில் வேறு வேலை. தெருமுனைக் கடையில் கெட்டியான மாவு பாக்கெட் கிடைக்கிறது. வாங்கி வந்ததும் இட்லி, மறுநாள் கொஞ்சம் புளித்ததும் பணியாரம் அல்லது ஊத்தப்பம் என்று வைத்துக்கொண்டோம்.

இட்லிக்கு என்ன என்பதற்குத்தான் இந்த மாதத்தின் நல்ல கண்டுபிடிப்பு வந்தது. கண்டுபிடிப்பு என்று நான் சொல்லக்கூடாது, சென்னைக்காரர்கள் ரொம்ப நாளாகச் செய்வதுதான்: வடகறி. மீந்த வடைக்கு வழி தேடிப் பிறந்த பண்டம் என்பார்கள். அதை முறைப்படி செய்ய கடலைப் பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அரைத்து, பொரித்து அல்லது ஆவியில் வேகவைத்து எடுக்க வேண்டும். எனக்கேது அந்த நேரம்? வீட்டுக்குத் திரும்புகிற வழியில் டீக்கடையில் பத்து மசால் வடை. சாயங்காலம் போட்டு ஆறிப்போனது இருந்தால் இன்னும் நல்லது, கடைக்காரருக்கும் சந்தோஷம். சட்டியில் எண்ணெய் விட்டு சோம்பு, பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை. மூன்று குழிக்கரண்டி தொக்கு. இரண்டு டம்ளர் தண்ணீர். தளதளவென்று கொதி வந்ததும் வடையைப் பிய்த்துப் போட்டு சிம்மில் 5 நிமிடம். அவ்வளவுதான்.

முதல் தடவை வடையைப் பொடிப்பொடியாக உதிர்த்துவிட்டேன், கூழ் ஆகிவிட்டது. ஒரு வடையை நாலு துண்டுக்கு மேல் பிய்க்கக்கூடாது. இன்னொன்று, வடை தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இறக்கும்போது ரசத்துக்கும் குழம்புக்கும் நடுவில் தளரத் தளர இருந்தால், தட்டுக்கு வரும்போது சரியான பதத்தில் இருக்கும். வடையில் உப்பு உண்டு, தொக்கிலும் உண்டு, நாம் தனியாகப் போட வேண்டியதில்லை. இட்லி வேகிற நேரத்துக்குள் வடகறி முடிந்துவிடுகிறது. வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து தட்டு போடும்வரை 21 நிமிடம். மகன் மூன்றாவது தடவை கேட்டபோதுதான் வீட்டில் வெங்காயம் உரிக்கும் சத்தமே இல்லாததை அம்மா கவனித்தார்.

அடுத்தது அத்தோ, பர்மா நூடுல்ஸ். பீச் ஸ்டேஷன் எதிரே செகண்ட் லைன் பீச் ரோட்டுத் தள்ளுவண்டிகளில் சாப்பிடாதவன் வடசென்னைக்காரனா? 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. வியாசர்பாடிப் பக்கம் அந்தக் குடும்பங்கள் இன்றும் நிறைய. என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை. அவரிடம் கேட்டேன். "அண்ணே, அடுப்புல நூடுல்ஸ் வேவறது மட்டும்தான். மிச்சமெல்லாம் பச்சையா கலக்கறது. இதைவிடச் சீக்கிரமா எது இருக்கு?" என்றார். இறால் பொடி போடுகிறவர்களும் உண்டாம். அதைத் தவிர்த்துவிட்டால் புரட்டாசிக்குப் பொருந்தும்.

இதற்கு உயிர் பூண்டு எண்ணெய். ஞாயிறு உரித்த பூண்டில் ஒரு கைப்பிடியை மெல்லிசாகச் சீவி, 100 மில்லி எண்ணெயில் சிம்மில் போட்டுப் பொறுமையாகப் பொரிக்க வேண்டும். பொன்னிறம் வரும் முன்பே, வெளிர் மஞ்சளில் எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் அதன் சூட்டிலேயே இரண்டு சுற்று நிறம் ஏறும். நான் அழகாகச் சிவக்கட்டும் என்று காத்திருந்து முதல் ஈடு மொத்தமும் கசந்து போனது. பூண்டுச் சில்லு தனி, எண்ணெய் தனி, இரண்டும் ஃபிரிட்ஜில், ஒரு வாரத்துக்குள் காலி. பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியில் வைக்கிற பழக்கம் வேண்டாம், கண்ணுக்குத் தெரியாமல் அதில் விஷக்கிருமி வளரும்.

நூடுல்ஸை உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள் தூளோடு வேகவைத்து வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, எண்ணெய் தடவிய தட்டில் பரப்ப வேண்டும். கோஸ் நூல் மாதிரி, வெங்காயம் அதைவிட மெல்லிசாக. பொட்டுக்கடலை மாவு மூன்று ஸ்பூன், இடித்த மிளகாய், பாட்டில் புளியில் இரண்டு ஸ்பூனைத் தண்ணீரில் கரைத்தது, பூண்டு எண்ணெய், கொத்தமல்லி, எலுமிச்சை. மேலே தட்டையை நொறுக்கிப் போட வேண்டும். கரண்டியால் கிளறினால் நூடுல்ஸ் உடையும், சுவையும் சேராது. கையால்தான். கடையில் அவர்கள் கையால் பிசைவதைப் பார்த்து முகம் சுளித்த மகள், வீட்டில் பிசைகிற வேலையை அவளாகவே எடுத்துக்கொண்டாள். 24 நிமிடம், அதில் கோஸ் சீவ மட்டும் 7. கூடவே தருகிற வாழைத்தண்டு சூப்பை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தேன். தண்டை நறுக்கி நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுக்கவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. வேலை நாளில் அது சரிப்பட்டு வராது. சூப் வேண்டுமென்றால் வண்டிக்குப் போவதுதான் நியாயம்.

மற்றவை சுருக்கமாக. கீரை ஆய 26 நிமிடம், வேக 6. அம்மா சாயங்காலமே உட்கார்ந்து ஆய்ந்து வைத்தால் மட்டும் கீரை. காளானை அம்மா தொடவில்லை, "கடிச்சா கவுச்சி மாரியே இருக்கு" என்பது தீர்ப்பு. மீல்மேக்கர் மகனுக்குப் பிடித்தது. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து நன்றாகப் பிழியாவிட்டால் ஒரு பச்சை வாடை வரும். பிழிந்து தொக்கில் புரட்டினால் சப்பாத்திக்குப் போதும். ஆனால் சப்பாத்தி தேய்க்கவே எனக்கு 40 நிமிடம் ஆனதால் அது இரண்டு தடவையோடு நின்றது. வாழைக்காயை மீன் துண்டு கனத்துக்கு வெட்டி, மீன் மசாலாவும் கொஞ்சம் புளியும் அரிசி மாவும் தடவித் தோசைக்கல்லில் வறுத்ததற்கு நல்ல பெயர். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் வஞ்சிரம் என்றான் மகன். வஞ்சிரம் அவ்வளவு மலிவான ஞாபகம் இல்லை எனக்கு. சனிக்கிழமைகளில் பெருமாளுக்குத் தளிகை, அது மனைவியும் அம்மாவும் சேர்ந்து காலையில் செய்கிற பெரிய சமையல். இந்தக் கணக்கில் வராது.

திருப்பதிப் பெருமாளுக்குச் சென்னையிலிருந்து ஊர்வலமாகப் போகும் திருப்பதிக் குடை கவுனி தாண்டிய அன்றைக்குத்தான் ஏற்பாட்டுக்கு உண்மையான பரீட்சை. பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோவிலில் புறப்படும் குடைகள் சாயங்காலம் யானைக்கவுனியைத் தாண்டி எங்கள் ஆபீஸ் இருக்கிற சூளை வழியாகத்தான் போகும். ரோட்டில் வண்டியை எடுக்கவே முடியவில்லை. கோவிந்தா சத்தத்துக்கு நடுவில் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சுற்றிச் சுற்றி வீடு சேர 9.15. மனைவி வர இன்னும் 25 நிமிடம். பெரிய அடுப்பில் மூன்று டம்ளர் தண்ணீர், சின்ன அடுப்பில் ஒரு டம்ளர் ரவை வறுபட. கடாயில் கடுகு, உளுத்தம் பருப்பு, இரண்டு கரண்டி தொக்கு, கொதித்த தண்ணீர், மேலே ரவையைத் தூவிக் கிளறி, மூடி போட்டு 3 நிமிடம். கொதிக்கிற தண்ணீரைச் சேர்ப்பதால் கட்டி தட்டாமல் வந்தது. தொட்டுக்கொள்ளப் பொட்டுக்கடலை, ஃப்ரீசர் தேங்காய், பச்சை மிளகாயில் ஒரு சட்னி. 9.33-க்கு கிச்சடி தட்டில். அம்மா சட்னியை நக்கிப் பார்த்துவிட்டு, அதில் இருப்பது செத்த தேங்காய் என்று தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி வாரத்தில் முதல் நாள் செய்த அதே சாப்பாட்டை, சோறு, கத்தரிக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல், மறுபடி செய்து ஸ்டாப்வாட்சை ஓடவிட்டேன். பருப்பு ஊறியிருந்தது, வெங்காயத்துக்குப் பதில் தொக்கு, பாட்டில் புளி, ஃப்ரீசர் தேங்காய், பீன்ஸை அம்மா நறுக்கி வைத்திருந்தார். 36 நிமிடம். சின்ன வெங்காயம் போட்ட சாம்பாரின் வாசம் இதில் இல்லை, அதை மறைக்க முடியாது. நல்ல சாம்பார் வேண்டுமென்றால் ஒருநாள் 14 நிமிடம் உட்கார்ந்து உரிக்கத்தான் வேண்டும்.

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு, விடிவதற்கு முன்னால் காசிமேட்டில் நின்றேன். ஒரு மாதம் அடக்கி வைத்த கூட்டம், விலை கேட்கவே பயமாக இருந்தது. சங்கராவை அங்கேயே வெட்டிச் சுத்தம் செய்து வாங்கி வந்து குழம்பு வைத்தோம். அம்மா அம்மியில் மசாலா அரைத்தே ஆக வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா பார்க்காத நேரத்தில், பாட்டில் அடியில் மிச்சமிருந்த இரண்டு கரண்டித் தொக்கை வழித்து அந்தக் குழம்புக்குள் போட்டுவிட்டேன்.